தனியுடைமை வணிகமும் வருமான வரியும் – ஒரு விளக்கம்

க.பொ.த. (சாதாரண தரம்) – வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும்



விடியற்காலையில் மட்டக்களப்பு வாவியோரம் நின்று பாருங்கள். இரவில் வலை விட்டவர்கள் தோணியைக் கரைசேர்ப்பர். அவர்களிடம் இறாலையும் நண்டையும் நிறுத்து வாங்கி, ஐஸ் பெட்டியில் இட்டு, மோட்டார் சைக்கிளில் சந்தைக்குக் கொண்டு போவோர் ஒருபுறம். படுவான்கரையிலிருந்து எருமைத் தயிர்ச் சட்டிகளுடன் மண்முனைப் பாலத்தைக் கடந்து வருவோர் இன்னொருபுறம். சற்று நேரத்தில் இடியப்பக் கடை திறக்கும், தையற்கடை திறக்கும், சைக்கிள் திருத்தும் கடை திறக்கும். இவர்கள் எல்லோரையும் உங்கள் பாடம் ஒரே பெயரால் அழைக்கிறது: தனியுடைமை வணிகர்கள். உங்களுள் பலருடைய தாயோ தந்தையோ இவர்களுள் ஒருவராக இருக்கலாம்.

இவர்களிடம் "வரி" என்று சொன்னால் பலர் அஞ்சுவர். "வியாபாரத்தைப் பதிந்தால் வரி வந்துவிடும், கணக்கு எழுதினால் மாட்டிக்கொள்வோம்" என்பது ஊரில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இந்த அச்சம் சரியானதா? சரியல்ல என்றால் அதனால் இழக்கப்படுவது என்ன? பரீட்சைக்கும் வீட்டுக்கும் பயன்படும் இந்த விடயத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. ஒரே கடை, இரண்டு பார்வை

தனியுடைமை வணிகம் என்பது ஒருவர் தமது மூலதனத்தை இட்டு, தாமே நடத்தி, இலாபத்தையும் நட்டத்தையும் தாமே ஏற்கும் வணிகம் ஆகும். இதனைக் கணக்கீடு ஒருவிதமாகவும் சட்டம் வேறொருவிதமாகவும் பார்க்கின்றன. மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே.

கணக்கீட்டின் பார்வை: வணிகம் வேறு, உரிமையாளர் வேறு. இதுவே வணிக அலகு எண்ணக்கரு. உரிமையாளர் கடைக்குப் பணம் கொடுத்தால் அது மூலதனம். கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்தால் அது எடுப்பனவு.

சட்டத்தின் பார்வை: இருவரும் ஒருவரே. தனியுடைமை வணிகத்துக்குத் தனியான சட்ட ஆளுமை இல்லை. கடை பட்ட கடன் உரிமையாளரின் கடனாகும். ஆகவேதான் அவருடைய பொறுப்பு வரையறையற்றது என்று படிக்கிறீர்கள்.

வருமான வரி சட்டத்தின் பார்வையையே பின்பற்றுகிறது. கம்பனி தனது பெயரிலேயே வரி செலுத்தும். தனியுடைமை வணிகத்தில் கடைக்கென்று தனி வருமான வரி கிடையாது. கடையின் இலாபம் உரிமையாளரின் தனிப்பட்ட வருமானமாகக் கொள்ளப்பட்டு, அவருடைய பெயரிலேயே வரி கணிக்கப்படும். ஆனால் அந்த இலாபம் எவ்வளவு என்பதைக் கண்டறியக் கணக்கீட்டின் பார்வை தேவை. கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரித்து எழுதாதவருக்குத் தமது இலாபம் தெரியாது. இலாபம் தெரியாதவருக்கு வரி உண்டா இல்லையா என்பதும் தெரியாது.

2. மூன்று அலுவலகங்கள், மூன்று வேலைகள்

சிறு வியாபாரிகள் பலர் எல்லா அலுவலகங்களையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவர். பின்வரும் வேறுபாட்டை மனங்கொள்க.

(அ) பிரதேச செயலகம்: வணிகப் பெயரைப் பதியும் இடம். இதற்கான கட்டளைச் சட்டம் 1918 ஆம் ஆண்டுக்குரியது. ஒருவர் தமது சொந்தப் பெயரை மட்டுமே கொண்டு வியாபாரம் செய்தால் பெயர்ப் பதிவு கட்டாயமன்று. வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. வணிகம் அமைந்துள்ள பிரிவிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பெயர்ப் பதிவு வரி அன்று.

(ஆ) உள்ளூராட்சி மன்றம்: மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியன. உணவுக் கடை, வெதுப்பகம், சிகை அலங்கார நிலையம் போன்றவற்றுக்கு ஆண்டுதோறும் வியாபார அனுமதிப்பத்திரம் வழங்குவது இவையே. சந்தையில் இடக் கட்டணம் அறவிடுவதும் இவற்றின் அதிகாரத்திலேயே நடைபெறும். இவை இலாபத்தின் மீதான வரிகள் அல்ல. கடைக்கு நட்டம் ஏற்பட்டாலும் செலுத்த வேண்டியவை.

(இ) உள்நாட்டு இறைவரித் திணைக்களம்: வருமான வரியும் பெறுமதி சேர் வரியும் இத்திணைக்களத்துக்கு உரியன. இதன் பிராந்திய அலுவலகம் ஒன்று மட்டக்களப்பிலும் உண்டு.

இலங்கையில் வருமான வரி 1932 ஆம் ஆண்டில் அறிமுகமானது. இப்போது நடைமுறையில் உள்ளது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதன் திருத்தங்களும் ஆகும். வரிமதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் 31 இல் முடியும். ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம்.

3. தனிநபர் நிவாரணம்

ஒருவருடைய ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரியே இல்லை. அப்பகுதி தனிநபர் நிவாரணம் எனப்படும். அது அரசின் நிதிநிலைக்கேற்ப மாறி வந்துள்ளது.

2018 ஏப்ரல் முதல் – 5 இலட்சம் ரூபா
2020 ஜனவரி முதல் – 30 இலட்சம் ரூபா
2023 ஜனவரி முதல் – 12 இலட்சம் ரூபா
2025 ஏப்ரல் முதல் – 18 இலட்சம் ரூபா

2025 ஏப்ரல் 1 முதல், நிவாரணத்தைக் கழித்த பின் எஞ்சும் தொகைக்கு வரி வீதங்கள் வருமாறு:

முதல் 10 இலட்சத்துக்கு – 6%
அடுத்த 5 இலட்சத்துக்கு – 18%
அடுத்த 5 இலட்சத்துக்கு – 24%
அடுத்த 5 இலட்சத்துக்கு – 30%
மிகுதிக்கு – 36%

வருமானம் கூடக்கூட வீதமும் கூடுவதால் இது வளர்வீத வரி ஆகும். வரி செலுத்துபவரே அதன் சுமையையும் தாங்குவதால் இது நேர் வரி ஆகும்.

4. எடுத்துக்காட்டு 1: இறால் வியாபாரி

ஒரு பெண்மணி வாவிக்கரையில் இறால் வாங்கி நகரச் சந்தையில் விற்கிறார். 2025/2026 வரிமதிப்பீட்டு ஆண்டில் 300 நாட்கள் வியாபாரம் செய்தார். நாளொன்றுக்குச் சராசரி விற்பனை 15,000 ரூபா; கொள்வனவு 12,000 ரூபா. நாள் முடிவில் இறால் மிஞ்சுவதில்லை என்று கொள்க.

விற்பனை (15,000 × 300) = 4,500,000
கழி: கொள்வனவு (12,000 × 300) = 3,600,000
மொத்த இலாபம் = 900,000

கழி: செலவுகள்
ஐஸ் = 90,000
பெற்றோல் = 120,000
சந்தைக் கட்டணம் = 15,000
மோட்டார் சைக்கிள் திருத்தம் = 30,000
தொலைபேசி = 12,000
மொத்தச் செலவு = 267,000

தேறிய இலாபம் = 633,000

இவருடைய ஒரே வருமானம் இதுவே. 633,000 ரூபா 1,800,000 ரூபாவிலும் குறைவு. ஆகவே செலுத்த வேண்டிய வருமான வரி பூச்சியம்.

இங்கே மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, அவர் கைக்கு ஆண்டில் 45 இலட்சம் ரூபா வந்து போயிற்று. "45 இலட்சம் புரள்கிறது, 18 இலட்சத்தைத் தாண்டிவிட்டது, வரி வரும்" என்று எண்ணி அஞ்சுவது பிழை. வருமான வரி விற்பனை மீது அறவிடப்படுவதில்லை. இலாபத்தின் மீதே அறவிடப்படுகிறது.

இரண்டாவது, அவர் ஆண்டில் பெற்றோலுக்கு மொத்தமாகச் செலவிட்டது 180,000 ரூபா. அதே மோட்டார் சைக்கிளில்தான் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் கொண்டுபோய் விடுகிறார். ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்கானது. ஆகவே மூன்றில் இரண்டு பங்கான 120,000 ரூபாவே வணிகச் செலவு. மீதி 60,000 ரூபா எடுப்பனவு.

மூன்றாவது, அவர் வீட்டுச் செலவுக்கென மாதந்தோறும் 40,000 ரூபா எடுத்தார். ஆண்டுக்கு 480,000 ரூபா. இதனை "என் சம்பளம்" என்று செலவில் சேர்க்க முடியாது. தனியுடைமை வணிகர் தமக்குத் தாமே சம்பளம் கொடுக்க முடியாது, அது எடுப்பனவு. பரீட்சையில் பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான்.

குறிப்பு: கணக்கீட்டில் நீங்கள் எழுதும் பெறுமானத் தேய்வை வரிச் சட்டம் அப்படியே ஏற்பதில்லை. அதற்குப் பதிலாகத் தனது விதிப்படி மூலதனப் படிகளை அனுமதிக்கிறது. சாதாரண தரத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

5. எடுத்துக்காட்டு 2: வெதுப்பக உரிமையாளர்

இனி, எழுவான்கரையில் வெதுப்பகம் நடத்தும் ஒருவரைக் கொள்வோம். அதே ஆண்டில் அவருடைய விற்பனை 1 கோடி 80 இலட்சம் ரூபா. எல்லாச் செலவும் போகத் தேறிய இலாபம் 2,900,000 ரூபா.

தேறிய இலாபம் = 2,900,000
கழி: தனிநபர் நிவாரணம் = 1,800,000
வரிக்குட்படும் வருமானம் = 1,100,000

முதல் 1,000,000 × 6% = 60,000
மிகுதி 100,000 × 18% = 18,000
செலுத்த வேண்டிய வரி = 78,000

இத்தொகையை அவர் நான்கு தவணைகளில் செலுத்தலாம். ஒவ்வொரு தவணையும் 19,500 ரூபா. தவணை நாட்கள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. தவணைகளில் ஏதேனும் குறைந்திருந்தால் மிகுதியை ஆண்டு முடிந்தபின் வரும் செப்டெம்பர் 30 இற்குள் தீர்க்க வேண்டும். வருமான விவரத் திரட்டை நவம்பர் 30 இற்குள் ஒப்படைக்க வேண்டும். சம்பளம் பெறுபவரின் வரியை முதலாளி மாதந்தோறும் கழித்துக் கட்டிவிடுவார். சுயதொழில் செய்பவருக்கு அப்படிக் கழிப்பவர் எவருமில்லை. அவரே கணித்து, அவரே ஒதுக்கி வைத்து, அவரே செலுத்த வேண்டும். இலாபம் வந்தபோதே ஒரு பங்கை ஒதுக்காதவர் தவணை நாளில் கடன் வாங்க நேரிடும்.

இன்னொரு பிழையான எண்ணத்தையும் நீக்கிக்கொள்வோம். "18 இலட்சத்தை ஒரு ரூபா தாண்டினாலும் முழுத் தொகைக்கும் வரி" என்பர் சிலர். அவ்வாறன்று. இலாபம் 1,850,000 ரூபா எனின், வரி 50,000 ரூபாவுக்கு மட்டுமே. அதாவது 3,000 ரூபா. வரிக்குப் பயந்து வியாபாரத்தை வளர்க்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

6. பெறுமதி சேர் வரி – வற்

இவ்வரி 2002 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜனவரி 1 முதல் அதன் வீதம் 18% ஆகும். அதே நாளிலிருந்து, ஆண்டு விற்பனை 6 கோடி ரூபாவைத் தாண்டிய வணிகங்கள் இதற்குப் பதிவு செய்ய வேண்டியனவாயின. இவ்வெல்லையை 2026 ஏப்ரலிலிருந்து 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க 2026 வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. எந்த எல்லையை எடுத்தாலும், மேலே கண்ட இறால் வியாபாரியும் வெதுப்பக உரிமையாளரும் அதற்குக் கீழேயே உள்ளனர்.

அப்படியானால் இறால் வியாபாரி அரசுக்கு வரியே செலுத்துவதில்லையா? செலுத்துகிறார். வற் சேர்த்து 118 ரூபாவுக்கு விற்கும் ஒரு சவர்க்காரத்தை அவர் வாங்கும்போது அதில் 18 ரூபா வரி. கடைக்காரர் அதை அரசுக்குக் கட்டுகிறார். சுமையைத் தாங்குபவர் வாங்குபவர். இதுவே நேரில் வரி. பணக்காரரும் ஏழையும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே 18 ரூபாவைக் கொடுப்பதால், வருமானத்தோடு ஒப்பிடும்போது சுமை ஏழைக்கே அதிகம். "சிறு வியாபாரிகள் வரி கட்டுவதில்லை" என்ற கூற்றை ஆராயும் வினா வந்தால் இதனை எழுதத் தவறாதீர்கள்.

7. வரி இல்லை, ஓய்வூதியமும் இல்லை

சில நாடுகளில் சுயதொழில் செய்வோருக்கு வருமான வரியுடன் இன்னொரு வரியும் உண்டு. அமெரிக்காவில் அது சுயதொழில் வரி எனப்படும். ஆண்டின் தேறிய உழைப்பு 400 டொலரை எட்டினாலே அது பொருந்தும், வீதம் 15.3%. கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் அப்பணம் முதுமைக்கால ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்புறுதிக்குமான பங்களிப்பாகும்.

இலங்கையில் அவ்வாறான கட்டாய வரி கிடையாது. இதன் மறுபக்கத்தைக் கவனியுங்கள். வெதுப்பகத்தில் ஒருவர் மாதம் 40,000 ரூபா சம்பளத்துக்கு வேலை செய்கிறார் எனக் கொள்வோம். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8% உம் தொழில்தருநர் 12% உம் கட்ட வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3% கட்ட வேண்டும். 3,200 + 4,800 + 1,200 = 9,200 ரூபா அந்த ஊழியரின் பெயரில் மாதந்தோறும் சேரும். உரிமையாளரின் பெயரில் எதுவும் சேராது. இறால் வியாபாரிக்கும் அப்படியே. அவருக்கு வயதாகி, விடியற்காலையில் கரைக்குப் போக இயலாத நாளில் வருமானம் நின்றுவிடும்.

இக்குறையை ஓரளவு நிரப்பவே சில தன்னார்வத் திட்டங்கள் ஏற்படுத்தப்பட்டன. கமக்காரருக்கு 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டமும், மீனவருக்கு 1990 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டமும் ஓய்வூதியத் திட்டங்களுக்கு வழிசெய்தன. ஏனைய சுயதொழில் செய்வோருக்கென 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைச் சமூகப் பாதுகாப்புச் சபை அமைக்கப்பட்டது. இதில் சேர்வது கட்டாயமன்று. சேராவிட்டால் கேட்பாரும் இல்லை, கடைசியில் கொடுப்பாரும் இல்லை. ஆகவே வரியாகப் போகாத பணத்தில் ஒரு சிறு பங்கைத் தமது முதுமைக்கென ஒதுக்குவது தனியுடைமை வணிகரின் சொந்தப் பொறுப்பாகிறது.

8. வரி இல்லாதவருக்குக் கணக்கு எதற்கு?

"வரிதான் பூச்சியமாயிற்றே, பின் ஏன் எழுத வேண்டும்?" என்று கேட்பீர்கள். நான்கு காரணங்கள் உள்ளன.

ஒன்று, பூச்சியம் என்பதை நிரூபிப்பது கணக்குப் புத்தகமே. எவராவது கேட்கும்போது "இலாபம் 633,000" என்று காட்ட முடியாவிட்டால், கையில் புரளும் 45 இலட்சமே மற்றவர் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு, கடன். கணக்கும் பதிவுச் சான்றிதழும் உள்ளவர் வங்கியில் விண்ணப்பிக்கலாம். அவை இல்லாதவர் பலர், கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து அறவிடும் அதிக வட்டிக் கடனையே நாடுகின்றனர். அதன் வேதனையை எமது பிரதேசத்துக் குடும்பங்கள் நன்கு அறியும்.

மூன்று, சேமிப்பு வட்டி. 2025 ஏப்ரல் முதல் வங்கி வட்டியிலிருந்து 10% வரி பிடித்து வைக்கப்படுகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் தமது வருமானம் பற்றிய சுயபிரகடனத்தை வங்கியிடம் கொடுத்து இதனைத் தவிர்க்கலாம். தமது வருமானம் எவ்வளவென்று அறிந்தவரே துணிந்து கையொப்பமிட முடியும்.

நான்கு, அனர்த்தம். 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் இக்கரையில் எத்தனையோ கடைகளை அழித்தன. அப்படியான நாளில் கடையும் போகும், கடையிலுள்ள புத்தகமும் போகும். ஆனால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவு "இங்கே இவருக்கு ஒரு வணிகம் இருந்தது" என்று சொல்லும்.

இதற்குப் பெரிய கணக்காளர் தேவையில்லை. ஓர் அப்பியாசக் கொப்பி போதும். ஒரு பக்கத்தில் அன்றைய விற்பனை. மறுபக்கத்தில் கொள்வனவும் செலவும். அடியில் வீட்டுக்கு எடுத்தது. பற்றுச்சீட்டுகளை ஒரு கோவையில் இட்டு 5 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருத்தல் நன்று. இரவில் ஐந்து நிமிட வேலை. அம்மா களைத்திருந்தால் அந்த ஐந்து நிமிடத்தை நீங்கள் கொடுக்கலாம். காசேடு எழுதுவது எப்படி என்று படித்தவர் வீட்டில் நீங்கள்தானே!

9. தவிர்க்க வேண்டிய பிழைகள்

• விற்பனையையும் இலாபத்தையும் ஒன்றாகக் கொள்ளுதல்.
• எடுப்பனவைச் செலவாக எழுதுதல்.
• அனுமதிப்பத்திரக் கட்டணத்தை வருமான வரி எனல்.
• தனியுடைமை வணிகத்துக்குச் சட்ட ஆளுமை உண்டு எனல்.
• நிவாரணத்தைக் கழிக்காமல் வரி வீதத்தைப் பிரயோகித்தல்.
• பழைய ஆண்டின் வீதத்தைப் பயன்படுத்துதல். வினாத்தாளில் தரப்பட்ட வீதத்தையே பின்பற்றுக.

10. பயிற்சி வினாக்கள்

1. தனியுடைமை வணிகத்தின் இலாபத்துக்கு யாருடைய பெயரில் வருமான வரி கணிக்கப்படும்? ஏன்?
2. ஒரு தையற்கடையின் ஆண்டு விற்பனை 2,200,000 ரூபா. கொள்வனவு உட்பட மொத்தச் செலவு 900,000 ரூபா. உரிமையாளர் வீட்டுக்கு எடுத்தது 300,000 ரூபா. 2025/2026 இல் தேறிய இலாபமும் வருமான வரியும் எவ்வளவு?
3. தேறிய இலாபம் 2,400,000 ரூபா எனின் அதே ஆண்டுக்கான வரியைக் கணிக்க.
4. நேர் வரிக்கும் நேரில் வரிக்கும் உங்கள் ஊர் வியாபாரத்திலிருந்து ஒவ்வோர் உதாரணம் தருக.
5. "சுயதொழில் செய்பவர் தமக்குத் தாமே தொழில்தருநர்." வரி, முதுமைக்காலப் பாதுகாப்பு ஆகிய இரண்டையும் கொண்டு விளக்குக.

விடைக்குறிப்பு

1. உரிமையாளரின் பெயரில், வணிகத்துக்குத் தனியான சட்ட ஆளுமை இல்லை.
2. இலாபம் 1,300,000 ரூபா (எடுப்பனவைக் கழிக்கக் கூடாது). நிவாரணத்திலும் குறைவு, ஆகவே வரி பூச்சியம்.
3. 2,400,000 – 1,800,000 = 600,000; அதன் 6% = 36,000 ரூபா.
4. வெதுப்பக உரிமையாளரின் வருமான வரி நேர் வரி. சவர்க்காரத்தில் அடங்கிய வற் நேரில் வரி. நீங்கள் வேறு உதாரணம் எழுத முயல்க.
5. வரியைக் கணித்து ஒதுக்கிச் செலுத்துவதும், சேமலாப நிதிக்குப் பதிலாகச் சேமிப்பதும் அவரே செய்ய வேண்டியவை என்ற இரு கருத்துகளும் விடையில் இடம்பெற வேண்டும்.

மாணவர்களே, இரண்டாம் வினாவைச் செய்து முடித்ததும் அதே முறையில் உங்கள் வீட்டு வியாபாரத்தின் ஒரு மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள். பாடமும் மனதில் பதியும். வீட்டிலுள்ளவர்களின் வீண் அச்சமும் நீங்கும்.